தினம் ஒருமுறை மூடியைத் திறக்க வேண்டும்

ஜன. 10, சனி

பொம்மி, இன்றும் மூடுபனி. பஸ் ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. நரேலாவிலிருந்து லோதி ரோட்டுக்கு இரண்டு பஸ், இரண்டரை மணி நேரம். லோதி ரோட்டுப் பக்கத்தில் நம் குடிசைக் கேம்ப் இருந்தபோது நீ நடந்தே போய்விடுவாய். இடித்துவிட்டு எங்கோ ஒரு மூலையில் வீடு கொடுத்தார்கள். வீடு இங்கே, வேலை அங்கே.

உன் நோட்டில்தான் எழுதுகிறேன். முதல் நாலு பக்கம் நீ இந்தியில் எழுதியது. பார்லர் கோர்ஸ் பற்றி ஏதோ. மீதியெல்லாம் காலி. உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ். அதனால் பயமில்லை. நீ உயிரோடு இருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டாய்.

இன்று வாங்கியது:
கின்னு ஆரஞ்சுத் தோல் ஒரு பை, ஜூஸ் கடை பையாவிடம். "ஆன்ட்டி, இதை மாட்டுக்கா போடுறீங்க?" என்று இந்தியில் கேட்டான். ஆமாம் என்றேன்.
வெல்லம்.
பூந்திக்கொட்டை. இங்கே ரீட்டா என்று கேட்டால்தான் கொடுக்கிறான்.
சோடா மாவு, வினிகர்.

எல்லாம் மேடம் வீட்டுக்கு. மே. என்றே எழுதப்போகிறேன். குளிரில் விரல் வளையவில்லை.

மே. வீட்டில் இனிமேல் கெமிக்கல் கிடையாது. ஆசிட் கிடையாது, பிளீச்சிங் பவுடர் கிடையாது, பினாயில்கூட கிடையாது. தீபாவளிக்கு வீடு கழுவும்போது நீ அவள் குளியலறையில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். பால்கனியில் தோல் ஊறவைக்க ஏழு பாட்டில் வரிசையாக.

"சரோஜா, நீங்க எனக்கு ஹெல்ப் பண்ணணும். இனிமே எல்லாத்தையும் இயற்கையாவே செய்யப் போறோம்."

உனக்கு உடம்பு சரியில்லாத நாளில் நான் பதிலாகப் போவேனே, அப்போதெல்லாம் என்னை நீ, வா, போ என்றவள். நீ செத்ததில் எனக்குக் கிடைத்தது ஒரு "ங்க".

எதிர் பிளாக் செல்விக்கும் அங்கேதான் வேலை, இரண்டு குவார்ட்டர்ஸ் தள்ளி. அதே பஸ். முதல் நாள் கேட்டாள்: "யக்கா, பொண்ணு செத்த வூட்டுக்குள்ளயே எப்புடிக்கா காலு வெக்கிற?"

"செருப்ப கழட்டிட்டு வெக்கிறேன்" என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை.

நான் போவது அவள் முகத்தைப் பார்க்க. தினமும் பார்க்க வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிடுவாள்.


ஜன. 12, திங்கள்

வெயில் வந்தது. பன்னிரண்டு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விட்டது.

தோல் தண்ணீர் செய்யும் முறை. மே. போனில் பார்த்துச் சொல்லி, நான் மனப்பாடம் செய்தது. வெல்லம் ஒரு பங்கு. தோல் மூன்று பங்கு. தண்ணீர் பத்து பங்கு. பாட்டிலில் கொஞ்சம் இடம் விட வேண்டும். மூன்று மாதம். முதல் மாதம் தினம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். விடாவிட்டால் பாட்டில் உப்பும், வெடிக்கும். பிறகு வடிகட்டினால் தரை துடைக்கலாம், மேடை துடைக்கலாம்.

துடைக்கலாம். போகுமா என்று கேட்காதே. குழாயில் படிந்த உப்புக் கறை இதற்கெல்லாம் அசையாது. புளியை வைத்து அரை மணி நேரம் தேய்த்தால் போகிறது. சோடா மாவில் வினிகரை ஊற்றினால் புஸ்ஸென்று பொங்கும். மே. முதலில் வாசல் வரை ஓடினாள். இப்போது கை தட்டுகிறாள். நுரை அடங்கினால் வெறும் தண்ணீர், கறை இருந்த இடத்தில் இருக்கும். அப்புறம் பிரஷ், அப்புறம் நான். இயற்கை என்று அவள் சொல்வது என் தோள்பட்டையை.

இன்றும் அதைச் செய்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தண்ணீரைத் திறக்கவில்லை, பிரஷ் சத்தம் இல்லை. சும்மா நின்று எண்ணினேன். முன்பெல்லாம் இருபதுக்குள் தட்டிவிடுவாள். இன்று முப்பத்திரண்டு.

"சரோஜா? சரோஜா! என்ன சத்தத்தையே காணோம்? கதவத் திறங்க!"

திறந்தேன். முகம் சுண்ணாம்பு.

"கறை பாத்துக்கினு இருந்தேன் மேடம்."

இரண்டு மாதத்துக்கு மேலாகத் தினமும் செய்கிறேன். ஒரு நாள்கூட அவள் தட்டாமல் இருந்ததில்லை. எனக்குச் சோறு இறங்குவதே அதனால்தான்.

எழுதிவிடுகிறேன். யாருக்கும் சொல்லாததை எங்காவது வைக்க வேண்டும்.

அன்று நீதான் போன் செய்தாய். "மா, டைல்ஸ்ல மஞ்சக் கறை போவவே மாட்டேங்குது மா. ஆசிட் ஊத்திட்டேன். இன்னா பண்றது?" நான் என்ன சொன்னேன்? "பிளீச்சிங் பவுடரையும் மேல தூவுடி. ரெண்டும் சேந்தாதான் புடுங்கும். எத்தினி வருசமா செய்றேன்."

பொய் இல்லை. இருபது வருடமாகச் செய்தேன். கேம்ப் கக்கூசில், நாலாச் சாக்கடை ஓரத்தில், மொட்டை மாடியில். எல்லாம் வானம் தெரிகிற இடம். கேம்ப் கக்கூசுக்குக் கூரை ஏது? நெடி வந்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நிற்போம், காற்று கொண்டுபோய்விடும். நான் கற்றது கூரை இல்லாத இடத்து வேலை. அதைக் கூரை இருக்கிற இடத்தில் உனக்குக் கொடுத்தேன்.

நீ போனை வைக்கும் முன் மே. குரல் கேட்டது. "பொம்மி, நெடி வருது, கதவச் சாத்திக்கோ."

அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் முன்னால் அவள் சட்டையைப் பிடித்தேன். "ரெண்டையும் கலக்கச் சொல்லி எம்பொண்ண நீதான்டி கொன்ன!" அவள் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நரேலா முழுக்க அப்படியே பரவியது. உன் சித்தப்பாவிலிருந்து செல்வி வரை எல்லாருக்கும் அதுதான் தெரியும். நானும் கொஞ்சம் கொஞ்சமாக அதையே நம்பப் பழகிக்கொண்டிருக்கிறேன். காலையில் நன்றாக நம்ப முடிகிறது. சாயங்காலம் கஷ்டம்.


ஜன. 13, செவ்வாய்

பூந்திக்கொட்டை வேகவைத்தேன். கொட்டையை எடுத்துவிட்டு இரவே ஊறப்போட்டது. காலையில் கொதிக்கவிட்டுப் பிசைந்தால் நல்ல நுரை. பாத்திரத்துக்கு இது மட்டும் பரவாயில்லை. கண்ணில் பட்டால் எரிகிறது. எரிந்தது. அழுகிறேன் என்று நினைத்து மே. ஓடி வந்தாள். நான் திருத்தவில்லை.

சனிக்கிழமை காலனிப் பெண்கள் வருகிறார்களாம். ஆறு பேர். எப்படிச் செய்வது என்று காட்ட வேண்டும். நான் நாலு வார்த்தை பேச வேண்டும்.

"பூங்கொடியப் பத்தி சொல்லுங்க சரோஜா. கேட்டா நாலு வீட்டுலயாவது ஆசிட்ட நிறுத்துவாங்க. இன்னொரு பொண்ணுக்கு அப்படி ஆகக்கூடாது இல்லையா?"

பூங்கொடி. ரேஷன் கார்டில் இருக்கிற பெயர். உன்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

அதோடு ஒரு காகிதக் கட்டு எடுத்து வந்தாள். ஒட்டுவதற்கு. பச்சை நிறத்தில் இலை போட்டு, நடுவில் உன் பெயர். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்ட வேண்டுமாம், உன் ஞாபகமாக.

"கக்கூஸ் கழுவுறதுக்கு ஊத்துற பாட்டில்லயும் அவ பேருதானா மேடம்?"

அவள் உதடு ஆடியது. காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூக்கு சிந்தும் சத்தம். நான் பாத்திரத்தைத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது.

பஸ்ஸில் செல்வியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நீ ஒரு மாதிரி ஆயிட்டக்கா."

"இன்னா மாதிரி?"

"நம்ம கேம்ப்ப இடிக்க வந்தான் பாரு, மெசினுக்கு உள்ள குந்திக்கினு பீடி புடிச்சிக்கினு. அவன் மாதிரி."

போடி.


ஜன. 14, புதன். போகி

குளிர். கை வெடிப்பு. மெழுகு தடவினேன்.

மே.க்கு பிளாஸ்டிக் பாட்டிலும் பிடிக்கவில்லை, அதுவும் இயற்கை இல்லையாம். புதிதாக வைத்த தோலைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். வைத்து ஒன்பது நாள். தினம் திறந்து காற்று விட வேண்டியது என் வேலை. ஐந்து நாளாக விடவில்லை. மூடியை இறுக்கினேன். குளிரில் பொங்காது என்று பிரிட்ஜின் பின்பக்கம், சூடு வரும் இடத்தில் தள்ளி வைத்தேன். மறந்துபோய்ச் செய்தேன் என்று எழுத மனம் வருகிறது. மறக்கவில்லை.

பத்தரை மணிக்கு வெடித்தது. போகிக்குப் பரண் சாமானை இறக்கிக்கொண்டிருந்தாள் மே. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். சமையலறை முழுக்கக் கண்ணாடி, வெல்லத் தண்ணீர், தோல். புளித்த நெடி.

மே. என்னைத்தான் முதலில் இழுத்தாள். என் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு ஓடினாள். படிக்கட்டில் நின்று என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "மூச்சு விட முடியுதா? இருமல் வருதா? பேசுங்க சரோஜா, ஏதாவது பேசுங்க!"

"தோல் தண்ணிதான மேடம். இயற்கைதான?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது, அவளுக்கே தெரியவில்லை. நான் எடுத்தேன். மெதுவாக எடுக்கவில்லை.

கூட்டித் துடைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வெல்லம் பிசுபிசுவென்று போகவே இல்லை. என் வினை என் இடுப்புக்கு.

யார் மூடியைத் திறக்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அதுதான் உறுத்துகிறது.


ஜன. 15, வியாழன்

பொங்கல். நமக்கு இந்த வருடம் கிடையாது. வாசலில் கோலம்கூடப் போடவில்லை. எதிர் பிளாக்கில் குக்கரில் பொங்கல் வைத்துவிட்டு நாலு விசிலுக்கும் கூட்டமாகக் கத்தினார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

வேலைக்குப் போனேன். மே. டிபன் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் போட்டுக் கொடுத்தாள். "உங்களுக்குக் கொண்டாட்டம் இல்லன்னு தெரியும். சும்மா சாப்பாடா நெனச்சு..."

வாங்கிக்கொண்டேன். கீழே இறங்கி, அவள் பால்கனியில் நிற்கிறாளா என்று நிமிர்ந்து பார்த்து, நின்றாள், குவார்ட்டர்ஸ் நாய்க்குப் போட்டேன். முந்திரி நிறைய போட்டிருந்தாள். நாய் நன்றாகத் தின்றது.

உனக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் உயிர். அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பாய்.

சனிக்கிழமை என்ன பேசுவது என்று யோசித்து வைத்துவிட்டேன். ஒரே ஒரு வரி.


ஜன. 17, சனி

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

நடந்ததை வரிசையாக.

பதினோரு மணிக்கு ஆறு பெண்கள். நாலு பேர் தமிழ், இரண்டு பேர் இந்தி. சால்வை, டீ, முறுக்கு. மே. தோல் நறுக்கிக் காட்டினாள். நான் வெல்லம் தட்டினேன்.

"இதுல மார்பிள் மங்கிடாதே?"

"வாசனை நிக்குமா, இல்ல புளிச்ச நாத்தம் அடிக்குமா?"

"மூணு மாசமா! அதுக்குள்ள என் வேலைக்காரியே மூணு பேர் மாறிடுவா." சிரிப்பு.

வேலைக்காரி என்றதும் மே. என்னைப் பார்த்தாள். "சரோஜா, நீங்க சொல்லுங்க."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"எம்பொண்ணு பொம்மி. இருவத்திரெண்டு வயசு. இந்த வூட்டு பாத்ரூம்லதான் வுயுந்தா. ஆசிட்டையும் பவுடரையும் கலக்கச் சொன்னது யாருன்னு மேடத்தையே கேளுங்க."

ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் இதற்காகத்தான் பஸ் ஏறினேன். அழுவாள், இல்லை என்பாள், அந்த இல்லையைப் பிடித்துக்கொண்டு நான் கத்தலாம்.

மே. கையிலிருந்த கத்தியைத் தட்டில் வைத்தாள். "ஆமா. நான்தான் சொன்னேன்" என்றாள்.

ஒருத்தி எழுந்தாள், பிறகு எல்லாரும். பாட்டிலை ஒருத்திகூட எடுத்துக்கொள்ளவில்லை. முறுக்கு அப்படியே.

கதவு சாத்தியதும் மே. திரும்பினாள். அழுகை இல்லை. அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

"போதுமா சரோஜா? உனக்கு வயிறு நெறஞ்சுதா?"

உனக்கு என்றாள்.

"அன்னிக்கு உன் பொண்ணு போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. வாஷிங் மெஷின் மேல வச்சிருந்தா. நான் அடுத்த ரூம்ல துணி மடிச்சிட்டு இருந்தேன். நீ சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. ரெண்டும் சேந்தாதான் புடுங்கும்னு சொன்னியே, அதுவும்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெல்லம் ஒட்டிய கை, சுவரிலும் ஒட்டியது.

"எனக்கும் அது விஷம்னு தெரியாது. நெடி வந்துச்சு, கதவச் சாத்துன்னு சொன்னேன். அது என் பங்கு. உன் பங்கையும் சேத்து இத்தன நாள் நானே வச்சிருந்தேன். அப்பவே சொல்லியிருந்தா நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன். நீ நல்லாத்தான் தாங்குற. பாட்டில வெடிக்க வைக்கிற அளவுக்கு." தோல் தட்டை என் பக்கம் தள்ளினாள். "இந்தா, உன் பங்க நீயே வச்சுக்கோ."

தட்டை எடுத்தேன்.

"பாத்ரூம்ல தெனமும் சத்தமில்லாம நிக்கிறியே, அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் தட்டினேன். ஒருவேளை நெஜமா ஏதாவது ஆயிருந்தா, அந்தப் பயத்துல. இனிமே தட்ட மாட்டேன்."

பாத்திரம் கழுவினேன். தட்டு ஆறு, கோப்பை ஆறு. மேடை துடைத்தேன். பிறகு குளியலறை மிச்சம் இருந்தது. உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். எதற்கு என்று தெரியவில்லை. எண்ணினேன். முப்பது. ஐம்பது. நூறு. வெளியே அவள் நடக்கும் சத்தம், மிக்சி சத்தம், போனில் யாரிடமோ பேசும் சத்தம். இருநூறு. குளிர்ந்த டைல்சில் உட்கார்ந்துவிட்டேன். நீ விழுந்த இடம். வாஷிங் மெஷினின் மேல்பக்கம் என் கண்ணுக்கு நேராக. முந்நூறு வரை எண்ணினேன். தட்டவில்லை.

நானே திறந்துகொண்டு வந்தேன். "வரேன் மேடம்" என்றேன். "ம்" என்றாள். நாளை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

செல்வி முன் சீட்டில். கூப்பிடவில்லை. வந்த ஆறு பேரில் ஒருத்தி அவள் மேடம், இந்நேரம் அவளுக்குச் சொல்லியிருப்பாள், "அந்த அம்மாவே ஒத்துக்கிட்டா" என்று. செல்வி எனக்காகச் சந்தோஷப்படுவாள்.

மே. குரல் அன்று உன் போனில் எனக்குக் கேட்டது. அப்படியானால் என் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும். மூன்று மாதமாக இது எனக்குத் தோன்றவே இல்லை.

நீ பத்து வயதில் என்னோடு வேலைக்கு வர ஆரம்பித்தபோதே சொல்லியிருக்கிறேன். வேலை செய்கிற வீட்டில் நம் பேச்சு அவர்கள் காதில் விழக்கூடாது. போன் வந்தால் காதோடு வை. ஸ்பீக்கரில் போடாதே. நீ ஒரு நாளும் மீறியதில்லை. பாத்திரம் கழுவும்போதுகூடத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கழுத்து வலிக்குது மா என்பாய்.

அன்று மட்டும் எதற்கு ஸ்பீக்கர்?

கையில் ஆசிட் ஈரம் இருந்ததா, பொம்மி?